எத்தனை கணக்கப்பிள்ளைகள்?

2018 ஜனவரி நடுவில், மும்பை ஃபோர்ட் பகுதியில் உள்ள பஞ்சாப் நேஷனல் வங்கியின் பிராடி ஹவுஸ் கிளைக்கு, வைர வியாபாரி நீரவ் மோடியின் கம்பெனிகளைச் சேர்ந்தவர்கள் வந்தார்கள். வெளிநாட்டில் வாங்கிய சரக்குக்குப் பணம் கட்ட வேண்டும், அதற்குக் கடன் பெற வங்கியின் உறுதிக் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதத்தின் முழுத் தொகையையும் ஈடாகக் கட்டுங்கள் என்றது வங்கி. இதற்கு முன்பெல்லாம் ஈடு இல்லாமலே வாங்கியிருக்கிறோமே என்று வந்தவர்கள் கேட்டார்கள். பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். அப்படி ஒரு கடிதம் கொடுத்த சுவடே வங்கியின் கணக்குக் கம்ப்யூட்டரில் இல்லை.

ஆனால் கடிதங்கள் போயிருந்தன. உலகத்து வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் 'ஸ்விஃப்ட்' வழியாக, பல ஆண்டுகளாகப் போயிருந்தன. அவற்றை நம்பி இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகள் பணமும் கொடுத்திருந்தன. ஸ்விஃப்ட் செய்திக்கு ஒரு ஏற்பாடு, பற்று வரவுக்கு இன்னொரு ஏற்பாடு. இரண்டுக்கும் நடுவே கம்பி இணைப்பு இல்லை. ஒன்றில் அனுப்பியதை மற்றொன்றில் யாராவது கையால் ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை. பிப்ரவரி 14-ம் தேதி வங்கி பங்குச் சந்தைக்கு அறிவித்த தொகை 177 கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் ரூ. 11,400 கோடி. பிறகு அது ரூ. 13,000 கோடியைத் தாண்டியது.

இதில் யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் வேலை. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதையில் வேறொன்று உறைக்கும். ஒரே கட்டடத்தில் இரண்டு குறிப்பேடுகள் இருந்தன. இரண்டும் தத்தம் அளவில் ஒழுங்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு மட்டும் எந்த இயந்திரத்துக்கும் தரப்படவில்லை. மோசடி கலக்காத சிறிய உருவத்தில், வளர்ந்துவரும் ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் இதே நிலைமை தினமும் உருவாகிறது.

ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமும் தான் செய்வதை எங்காவது எழுதி வைக்கிறது. இத்தனை மணிக்கு இந்த ஆர்டர் வந்தது, இத்தனை மணிக்குப் பணம் கேட்டேன், வங்கி பதில் சொல்லவில்லை என்கிற மாதிரி. ஆங்கிலத்தில் இதற்கு 'லாக்' என்று பெயர். கப்பலின் வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிக் கடலில் வீசிய மரத்துண்டுதான் அந்தச் சொல்லின் மூலம். வேகத்தைக் குறித்துவைத்த நோட்டுக்கும் மரத்துண்டின் பெயரே ஒட்டிக்கொண்டது. தமிழில் எழுதினால் பூட்டும் அதுவும் ஒன்றாகிவிடும் என்பதால் இங்கே குறிப்பேடு என்றே இருக்கட்டும். குறிப்பேட்டில் எழுதுகிற, 'லாகர்' எனப்படும் புரோகிராம் துண்டுக்குத் தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்: கணக்கப்பிள்ளை.

சின்னக் கடைக்கு ஒரு கணக்கப்பிள்ளை போதும். கடை வளர்ந்தால்?

ஓர் உதாரணத்தைக் கற்பனையாகவே வைத்துக்கொள்ளலாம். செம்பூரில் வளர்ந்து மாட்டுங்காவில் பொறியியல் படித்த ஒரு தமிழ் இளைஞர், தாராவித் தோல் பட்டறைகளுக்காக ஒரு புரோகிராம் எழுதுகிறார். சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலைக் கடைகளில் தொங்கும் கைப்பைகளும் பெல்ட்டுகளும் உள்ளே சந்துகளில்தான் தயாராகின்றன. தோல் ஓரிடத்தில் வெட்டப்பட்டு, இன்னோரிடத்தில் தைக்கப்பட்டு, மூன்றாவது இடத்தில் கொக்கி மாட்டப்படுகிறது. யாரிடம் எத்தனை துண்டு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்பதை எல்லாம் புரோகிராம் பார்த்துக்கொள்ளும். முதல் மாதம் மூன்று பட்டறைகள், ஒரே கோப்பு, ஒரே குறிப்பேடு. தப்பு நடந்தால் கடைசிப் பத்து வரிகளைப் படித்தாலே பிடிபட்டுவிடும்.

இரண்டு வருடத்தில் பட்டறைகள் முந்நூறாகின்றன. ஆர்டருக்குத் தனிப் பகுதி, கூலிக்குத் தனிப் பகுதி, சரக்கு இருப்புக்கு ஒன்று, செல்போன் வழியே பணம் கட்ட ஒன்று. உதவிக்கு நான்கு பேர் சேர்கிறார்கள். சேர்ந்தவர்கள் ஆளுக்கொரு கணக்கப்பிள்ளையை அமர்த்துகிறார்கள். ஒருவர் தேதியை முதலில் எழுதுகிறார், ஒருவர் கடைசியில் எழுதுகிறார், ஒருவர் எழுதுவதே இல்லை. ஒருவருடைய குறிப்பேடு கம்ப்யூட்டரின் ஒரு மூலையில், இன்னொருவருடையது வேறொரு மூலையில். அப்போதைக்கு யாருக்கும் உறுத்துவதில்லை.

ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குப் பட்டறைக்காரரிடமிருந்து போன் வருகிறது.

"தம்பி, காசு கட்டியாச்சுன்னு பார்ட்டி சொல்லுதாரு. உங்க மிஷினு கட்டலங்குது. நான் யாரை நம்பட்டும்?"

"அரை மணி நேரம் குடுங்க அண்ணாச்சி, பாத்துச் சொல்றேன்."

அரை மணி நேரம் போதாது. ஆர்டர் பகுதியின் ஏட்டில் ஒரு நேரம், பணப் பகுதியின் ஏட்டில் வேறு நேரம். ஒன்றில் வாடிக்கையாளரின் பெயர் இருக்கிறது, இன்னொன்றில் வெறும் எண். அதைவிட வினோதம், 'ரூ. 18,500 வந்தது' என்ற வரி மூன்று முறை இருக்கிறது. பணம் மூன்று முறை வந்ததா, ஒரு முறை வந்ததை மூன்று முறை எழுதினார்களா? இதற்கு அந்த ஏட்டில் பதில் கிடையாது. பட்டறையில் கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் பையன்மேல் சந்தேகம் விழுவதற்கு இந்த ஒரு ராத்திரி போதும்.

கணக்கப்பிள்ளைகளை நிர்வகிப்பது ஏதோ புரோகிராமர்களின் சுத்தபத்த விவகாரம் என்று தோன்றினால், அந்தப் பையனின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும்.

இந்தச் சங்கடத்துக்கு எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற வழி, எல்லா இடத்துக்கும் பொதுவாக ஒரே கணக்கப்பிள்ளையை வைப்பது. எழுத்து ஒரே மாதிரி இருக்கும். ஆனால் எந்த வரியை எந்தப் பகுதி சொல்லி எழுதினார் என்பது தெரியாது. பணப் பகுதியில் மட்டும் இன்னும் நுணுக்கமாக எழுது என்று சொல்லவும் முடியாது. இரண்டாவது வழி, கணக்கப்பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு அலைவது. ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குப் போகும்போதெல்லாம் அவரையும் ஒப்படைப்பது. கறாரான முறைதான், சோதனை செய்துபார்க்கும்போது உதவவும் செய்யும். ஆனால் நூறு அறை உள்ள வீட்டில் ஒவ்வொரு வாசலிலும் அவருக்கு இடம் ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். அலுத்துப்போய் யாராவது ஓர் அறையில் விட்டுவிடுவார்கள்.

உலகம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட வழி மூன்றாவது. 1996-ல் ஐரோப்பாவில் 'செம்பர்' என்ற மின்வணிகப் பாதுகாப்புத் திட்டத்துக்காகத் தொடங்கிய வேலை அதற்கு அடிப்படை. அதிலிருந்து செக்கி குல்ச்சு என்பவர் ஜாவா மொழிக்காக வளர்த்தெடுத்ததுதான் 'லாக்-ஃபோர்-ஜே'. பைத்தான் மொழிக்கு அதே பாணியில் வினய் சஜிப் எழுதியது 2003-ல் அந்த மொழியின் 2.3 பதிப்போடு சேர்ந்தது. இவற்றின் சூட்சுமம் ஒரே விதியில் இருக்கிறது. கணக்கப்பிள்ளையை யாரும் சொந்தமாக உண்டாக்கக் கூடாது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தப் பெயரில் ஏற்கனவே ஓர் ஆள் இருந்தால் அவரே வருவார். இல்லையென்றால் புதிதாக ஒருவர் அமர்த்தப்படுவார். எத்தனை பேர், எத்தனை முறை, எந்த மூலையிலிருந்து கேட்டாலும் ஒரு பெயருக்கு ஒரு ஆள்தான்.

பெயர் வைப்பது விலாசம் எழுதுவது மாதிரி. 'மும்பை.தாராவி.கும்பார்வாடா' என்று புள்ளி வைத்து எழுதினால் கும்பார்வாடாவுக்கு மேலாளர் தாராவி, தாராவிக்கு மேலாளர் மும்பை. கும்பார்வாடாவின் ஆளுக்குத் தனியாக உத்தரவு எதுவும் இல்லையென்றால் தாராவியின் உத்தரவே அவருக்கும். அதுவும் இல்லையென்றால் மும்பையுடையது. மும்பை முழுவதும் முக்கியமானதை மட்டும் எழுதுங்கள், செம்பூரில் மட்டும் இந்த வாரம் ஒன்று விடாமல் எழுதுங்கள், மாட்டுங்காவில் பழையபடி இருக்கட்டும் என்று தலைமையிடத்திலிருந்து மூன்று வரியில் சொல்லிவிடலாம். புரோகிராமின் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியதில்லை. பழைய ஜில்லா, தாலுகா, பிர்க்கா நிர்வாகம் இதேதான். வெள்ளைக்காரன் விட்டுப்போனதில் உருப்படியான ஏற்பாடு என்று சிலர் அதைச் சொல்வதுண்டு.

முக்கியம், முக்கியமல்ல என்பதற்கும் படிகள் உண்டு. பைத்தானில் ஐந்து: துருவிப் பார்க்கும் விவரத்துக்கு 10, சாதாரணச் செய்திக்கு 20, எச்சரிக்கைக்கு 30, பிழைக்கு 40, குடி முழுகும் நிலைமைக்கு 50. 30 என்று வரம்பு வைத்தால் அதற்குக் கீழே உள்ளது ஏட்டில் ஏறாது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் பைத்தானின் தலைமைக் கணக்கப்பிள்ளை 30-ல்தான் நிற்பார். முதல் நாள் புரோகிராம் எழுதியவர்கள், நான் எழுதச் சொன்னது எங்கே போயிற்று என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

மூன்று முறை வந்த ரூ. 18,500-க்கு இப்போது விளக்கம் சொல்லலாம். கணக்கப்பிள்ளை வேறு, அவர் எழுதும் நோட்டு வேறு. ஒருவருக்கு எத்தனை நோட்டு வேண்டுமானாலும் கொடுக்கலாம். சொன்னதை எல்லாவற்றிலும் எழுதுவார். உதவிக்கு வந்த பையன்கள் பெயர் சொல்லிக் கேட்டதெல்லாம் சரி. ஆனால் கேட்கும்போதெல்லாம் பழைய நோட்டு கையில் இருக்கிறதா என்று பார்க்காமல் புதிதாக ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நோட்டும் ஒரே கோப்பில்தான் போய் முடிகின்றன. பணம் வந்தது ஒரு தடவை, எழுதியது மூன்று தடவை. கீழே இருப்பவர் தன் நோட்டில் எழுதிவிட்டு, மேலாளரிடமும் சொல்லி, அவரும் எழுதினாலும் இதே கூத்துதான். நோட்டு கொடுக்கும் வேலை புரோகிராம் தொடங்கும் இடத்தில், ஒரே ஒரு தடவை, ஒரே ஒருவர் செய்ய வேண்டியது. மற்றவர்கள் பெயர் சொல்லிக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறர் உபயோகத்துக்காகப் புரோகிராம் துண்டுகள் எழுதிக் கொடுப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். குடியிருக்க வந்தவர் வீட்டுக்காரரைக் கேட்காமல் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

இதுவரை சொன்னது ஒரே கூரையின் கீழ் இருக்கும் புரோகிராமுக்கு. கூட்டம் அதிகமானதும் அதே புரோகிராமின் நான்கு பிரதிகளை ஒரே சமயத்தில் ஓடவிடுவார்கள். நான்கு பிரதிகளின் கணக்கப்பிள்ளைகளும் ஒரே கோப்பில் எழுத முற்பட்டால் ஒருவர் வரியின் நடுவே இன்னொருவர் வரி விழும். ஏடு நிரம்பிப் புதிய ஏடு மாற்றும் நேரத்தில் ஒருவர் பழையதிலும் மற்றவர் புதியதிலும் எழுதுவார்கள். இதற்குப் பாதுகாப்பு இல்லை என்று பைத்தானின் விளக்கக் கையேடே வெளிப்படையாகச் சொல்கிறது. எல்லோரும் தங்கள் வரிகளை ஒரு வரிசையில் போட, ஒருவர் மட்டும் எடுத்து எழுதுவதுதான் வழி.

பிறகு, ஏடுகளைக் கோர்க்கும் நூல் ஒன்று வேண்டும். டப்பாவாலாக்கள் இதை அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு டப்பா நாலைந்து கை மாறிப் போகிறது. யாரும் ஏடு எழுதுவதில்லை, மூடியில் இருக்கும் குறி மட்டும் கூடவே பயணம் செய்கிறது. இன்று தாராவியில் டீக்கடைக்காரருக்குச் செல்போனில் பத்து ரூபாய் அனுப்பினாலும் அதனோடு ஒரு 12 இலக்க எண் போகிறது. அனுப்புபவரின் வங்கி, பெறுபவரின் வங்கி, நடுவே மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா–குர்லா வளாகத்தில் உட்கார்ந்திருக்கும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், மூன்றுமே அந்த எண்ணைப் போட்டுத்தான் எழுதிக்கொள்கின்றன. வழியில் தொலைந்த பணத்தைத் தேடிப் பிடிக்க முடிவது அதனால்தான். செம்பூர் இளைஞரின் புரோகிராமிலும் ஆர்டர் நுழையும்போதே ஓர் எண்ணைக் கொடுத்து, அதைத் தொடுகிற எல்லாக் கணக்கப்பிள்ளைகளும் அந்த எண்ணோடுதான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தால் அண்ணாச்சிக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கலாம்.

எண்ணோடு நேரமும் ஒத்துவர வேண்டும். பம்பாய்க்கு இந்த அவஸ்தை புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரயில்கள் மதராஸ் நேரப்படி ஓடின. ஊர் பம்பாய் நேரப்படி நடந்தது. இரண்டுக்கும் அரை மணி வித்தியாசம். 1906-ல் இந்திய நேரம் என்று ஒன்று வந்த பிறகும் பம்பாய் தன் கடிகாரத்தை விடவில்லை. 39 நிமிடம் பின்தங்கிய அந்த நேரத்தை நகரம் 1955 வரை வைத்துக்கொண்டிருந்தது. இன்றைய கம்ப்யூட்டர்களில் பாதி லண்டனை ஒட்டிய உலக நேரத்திலும் பாதி இந்திய நேரத்திலும் எழுதுவதால் ஐந்தரை மணி நேரம் இடிக்கிறது. 2022 ஏப்ரல் 28-ல் இந்திய அரசின் கம்ப்யூட்டர் அவசர உதவிக் குழுவான 'சர்ட்-இன்' ஓர் உத்தரவு போட்டது. கம்பெனிகள் தங்கள் கடிகாரங்களைத் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துவைக்க வேண்டும். குறிப்பேடுகளை 180 நாள் பத்திரமாக, இந்திய எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும்.

பத்திரமாக என்றால் வேறிடத்தில் என்று பொருள். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மறக்காதவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சரக்கும் பில் புத்தகமும் ஒரே தரைத்தளத்தில் இருந்தால் நஷ்டத்தைக் காட்டக்கூடக் காகிதம் மிஞ்சாது. புரோகிராம் ஓடும் கம்ப்யூட்டரிலேயே குறிப்பேட்டை வைத்திருப்பதும் அப்படித்தான். கம்ப்யூட்டர் செத்தால் ஏன் செத்தது என்று சொல்ல வேண்டிய ஏடும் கூடவே போய்விடும். போதாததற்கு, கட்டுப்பாடில்லாமல் எழுதும் கணக்கப்பிள்ளையே வட்டு முழுவதையும் நிரப்பிப் புரோகிராமை மூச்சடைத்துக் கொல்வதும் உண்டு.

எழுதாமல் விடுவதைப் போலவே எழுதக் கூடாததை எழுதுவதும் வம்பு. ட்விட்டர் 2018 மே 3-ம் தேதி தன் 33 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கடவுச்சொல்லை மாற்றும்படி கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்களைக் குழப்பி மறைக்கும் வேலை முடிவதற்கு முன்பே யாரோ ஒரு கணக்கப்பிள்ளை அவற்றை அப்படியே ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஃபேஸ்புக்கும், கோடிக்கணக்கானவர்களின் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் உள்ளே கிடந்ததை ஒப்புக்கொண்டது. தாராவிப் பட்டறைக்காரரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும், துருவிப் பார்க்கும் பத்தாம் படியில், இன்னும் எத்தனை ஏடுகளில் கிடக்கின்றனவோ.

கணக்கப்பிள்ளை வழியாகவே திருடன் நுழைந்த கதையும் நடந்தது. லாக்-ஃபோர்-ஜேயின் இரண்டாம் தலைமுறையில் ஒரு வசதி இருந்தது. எழுதச் சொன்ன வரியில் குறிப்பிட்ட விதமான அடையாளம் இருந்தால், அதை விளக்கிக்கொள்ள அது வெளியே எந்தக் கம்ப்யூட்டரிடமும் கேட்கப் போகும். அங்கிருந்து வருகிற புரோகிராமை ஓட்டவும் செய்யும். 2021 நவம்பரில் அலிபாபா கம்பெனியின் சென் சாவ்ஜுன் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். டிசம்பரில் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினால் போதும், கம்ப்யூட்டர் கைமாறிவிடும். ஆபத்தை மதிப்பிடும் அளவுகோலில் அதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள். சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் சில தன்னார்வலர்கள்தான் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஓட்டையை அடைத்தார்கள். பெரிய கம்பெனிகளுக்கு அந்த டிசம்பரில் நேர்ந்த தலைவலி வேறு: தங்கள் புரோகிராம்களில் எங்கெல்லாம் இந்தக் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. பெயர்ப்பட்டியல் யாரிடமும் இல்லை.

பெயர் என்பது வெறும் ஒழுங்குக்காக அல்ல என்பதற்குக் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தைவிடக் கசப்பான சாட்சி கிடைக்காது. ரயில் நிலையங்களில் சிக்னல், தண்டவாளம் மாற்றும் கருவி ஆகியவற்றின் ஒவ்வொரு அசைவையும் நேரத்தோடு எழுதிக்கொள்ள 'டேட்டா லாகர்' என்ற கருவியே வைத்திருக்கிறார்கள். 2023 ஜூன் 2-ம் தேதி மாலை ஒடிஷாவின் பஹானகா பஜாரில் சென்னை நோக்கி வந்த ரயில் சரக்கு ரயிலில் மோதி, 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நேர்வழிக்கு சிக்னல் பச்சை. தண்டவாளமோ கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. லெவல் கிராசிங் பெட்டியில் கம்பிகளுக்கு ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் தவறாக இருந்ததையும், அது பல ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாததையும் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சுட்டிக்காட்டியது. கருவிகள் தமக்கு வந்த செய்தியைத்தான் நம்பும். செய்தி எந்தக் கம்பியிலிருந்து வருகிறது என்பதை மனிதன்தான் எழுதி ஒட்டுகிறான்.

பிரிட்டனில் தபால் நிலையக் கணக்கை 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு பார்த்துக்கொண்டது. 1999-க்குப் பிறகு அதில் காட்டிய பற்றாக்குறைக்காகச் சிறு தபால் நிலையங்களை நடத்தியவர்கள்மேல் திருட்டுப் பழி சுமத்தப்பட்டது. 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அவர்களில் இந்திய வம்சாவளியினரும் கணிசம். ஏற்பாட்டில் பிழைகள் இருந்ததை 2019-ல் லண்டன் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. தபால் நிலையத்தில் இருப்பவருக்குத் தெரியாமலே தூரத்திலிருந்து கணக்கை மாற்ற முடிந்திருக்கிறது என்பதும் வெளியானது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய 2024-ல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. அதற்குள் சிலர் இறந்துபோயிருந்தார்கள்.

மாற்றியது யார் என்ற கேள்விக்கு இந்தியாவில் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் இங்கே கம்பெனிகள் உபயோகிக்கும் கணக்கு சாஃப்ட்வேர், ஒவ்வொரு பதிவிலும் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். அந்த வசதியை யாரும் நிறுத்திவைக்கவும் முடியாதபடி இருக்க வேண்டும். 2021-லேயே வர வேண்டிய விதி. இரண்டு முறை தள்ளிப்போடப்பட்டது. ஆண்டு முழுவதும் அது ஓடியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். மாட்டுங்கா ஆடிட்டர்களுக்கு மார்ச் மாதத்து வேலையில் இன்னும் ஒன்று கூடிவிட்டது. ஆனால் விதி கம்பெனிகளுக்கு மட்டும்தான். தாராவிப் பட்டறை ஒரு தனி மனிதரின் பெயரிலோ கூட்டாகவோ நடந்தால் அது இதில் வராது. அங்கே கல்லாப் பையன் நம்ப வேண்டியது செம்பூர் இளைஞரின் கணக்கப்பிள்ளைகளை மட்டும்.

பிராடி ஹவுஸ் விஷயத்துக்கு வந்தால், ஸ்விஃப்ட் ஏற்பாட்டைத் தவறாக உபயோகிக்க முடியும் என்று 2016 ஆகஸ்டிலிருந்து மூன்று முறை வங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி பிறகு தெரிவித்தது. அந்த ஏற்பாட்டைக் கணக்குக் கம்ப்யூட்டரோடு 2018 ஏப்ரல் 30-க்குள் நேரடியாக இணைக்க வேண்டும் என்று விஷயம் வெடித்த பிறகு கெடு வைத்தது. ஸ்விஃப்ட் தொடர்பான கட்டுப்பாடுகளைச் சரியாக நிறைவேற்றாத 36 வங்கிகளுக்கு 2019 மார்ச்சில் மொத்தம் ரூ. 71 கோடி அபராதம் போட்டது. பஞ்சாப் நேஷனல் வங்கிக்கு அதே மாதம் விழுந்த அபராதம் ரூ. 2 கோடி.